இரத்தப் பரிசோதனைத் தாளில் உள்ள எண் சொல்வது என்ன?

நேற்றுவரை ஓடியாடித் திரிந்த ஏழு வயதுப் பிள்ளை, ஓரிரு நாளில் வேறொரு பிள்ளையாக மாறிவிடுகிறது. கழுவிய கையையே மீண்டும் மீண்டும் கழுவுகிறது. உம்மாவை விட்டு ஒரு நொடியும் அகல மறுக்கிறது. கண்ணும் தோளும் தாமாகத் துடிக்கின்றன, கையெழுத்துக் கோணுகிறது. கண்ணேறு என்பார் சிலர். பிடிவாதம் என்று கருதிப் பிரம்பை எடுப்போரும் உண்டு. அடிக்காதீர்கள்; பிள்ளை வேண்டுமென்று செய்வதன்று அது.

அமெரிக்க தேசிய மனநல ஆய்வு நிலையத்தின் டாக்டர் சூசன் ஸ்வீடோ குழுவினர் 1998இல் இத்தகைய 50 குழந்தைகளைப் பற்றி எழுதினர். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்னும் கிருமி தொண்டையைத் தாக்கும்போது உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருள்கள் வழிதவறி மூளையின் ஒரு பகுதியையே தாக்குகின்றன என்பது அவர்கள் கருத்து. 'பாண்டாஸ்' என்று பெயரிட்டனர். மருத்துவ உலகில் இதுபற்றிய விவாதம் இன்னும் ஓயவில்லை.

இந்த ஐயம் எழுந்தால் மருத்துவர் இரண்டு பரிசோதனைகளை எழுதித் தரக்கூடும்: ஏ.எஸ்.ஓ., ஆன்டி டி.என்.ஏஸ் பி. பெற்றோர் தடுமாறும் இடம் இதுதான். தாளில் எண் 'அதிகம்' என்றிருந்தால் நோய் உறுதி என்று எண்ணிவிடுகிறார்கள். அந்த எண் சொல்வது ஒன்றே ஒன்று: பிள்ளை எப்போதோ அக்கிருமியைச் சந்தித்திருக்கிறது. பள்ளி செல்லும் வயதில் சந்திக்காத பிள்ளை ஏது? ஆரோக்கியமான சிறுவர்களிடமும் ஏ.எஸ்.ஓ. 200ஐத் தாண்டி நிற்பது சாதாரணம். ஒருமுறை ஏறிய எண் மாதக்கணக்கில் இறங்காமலும் இருக்கும்.

'இயல்பு' என்று வந்தாலும் நிம்மதி கொள்வதற்கில்லை. ஏ.எஸ்.ஓ. உச்சத்தை எட்ட 3 முதல் 6 வாரங்கள் ஆகும். மற்றது 6 முதல் 8 வாரங்கள். முதல் வாரத்திலேயே இரத்தம் எடுத்தால் எதுவும் தெரியாமற்போகலாம். தோலில் சீழ்ப்புண் வந்த பிள்ளைகளுக்கு ஏ.எஸ்.ஓ. பெரும்பாலும் ஏறுவதில்லை, ஆன்டி டி.என்.ஏஸ் பி. ஏறும். ஆகவே ஒற்றை எண்ணை நம்பாமல், சில வாரங்கள் இடைவெளிவிட்டு அதே ஆய்வுக்கூடத்தில் மறுமுறை பார்த்து, ஏற்றம் உண்டா என்று ஒப்பிடுவதே பயனுடையது.

மூளையைத் தாக்கும் எதிர்ப்பொருள்களையே அளப்பதாகக் கூறும் விலையுயர்ந்த பரிசோதனைத் தொகுப்பு ஒன்றும் அமெரிக்காவில் உருவாக்கப்பட்டது. 2017இல் சுவீடன் ஆய்வாளர்கள் அதைச் சோதித்தபோது, நோயற்றவர்களிலும் பலருக்கு 'அதிகம்' என்றே வந்தது. இதற்காக நகையை அடகு வைக்க வேண்டியதில்லை.

மருத்துவருக்கு எண்ணைவிட உங்கள் நினைவே உதவும். மாற்றம் எந்த நாளில் தொடங்கியது, அதற்கு முன் காய்ச்சலோ தொண்டைவலியோ இருந்ததா, வீட்டில் வேறு யாருக்கேனும் வந்ததா என்று குறித்துச் செல்லுங்கள். மறு கழுவல், அச்சம் ஆகியவற்றுக்குரிய மனநலச் சிகிச்சையை, இரத்த முடிவுக்காகக் காத்திராமல் தொடங்கலாம்.

ஒன்றில் மட்டும் தாமதம் கூடாது. கைகால்கள் நடனமாடுவதுபோல் தாமே அசைந்து, பிடித்த பொருள் நழுவி, பேச்சும் குழறினால், அது வாதக் காய்ச்சலால் வரும் 'கொரியா'வாக இருக்கலாம். கிருமி தாக்கிப் பல மாதங்கள் கழித்தே அது தோன்றுவதால், அதற்குள் ஏ.எஸ்.ஓ. இறங்கியிருக்கக்கூடும். இதய வால்வு பழுதடையும் அபாயம் அதில் உண்டு. தாளில் எந்த எண் இருப்பினும், இதயத்துக்கு எக்கோ எடுத்துப் பார்க்குமாறு மருத்துவரிடம் அன்றே கேளுங்கள்.