வீட்டு அடுப்பில் பீர்... பொங்கினால் போச்சு!

அமெரிக்காவில் வீட்டிலேயே பீர் காய்ச்ச 1978-ல் அதிபர் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் வழிவிட்டது. சமையலறை அடுப்புதான் அவ்வளவு லேசில் வழிவிடுவதில்லை.

ஒரு தடவைக்கு வழக்கமான அளவு 5 கேலன், சுமார் 19 லிட்டர். முளைகட்டிய பார்லியின் இனிப்புச் சாற்றை ஹாப்ஸ் பூக்களோடு ஒரு மணி நேரம் கொதிக்கவிட வேண்டும். இவ்வளவையும் கொதிக்கவைப்பதற்குள் வீட்டு அடுப்பு திணறிவிடும். கொதி வந்ததும் கொஞ்சம் அசந்தால், பால் போலப் பொங்கி வழியும். காய்ந்து ஒட்டிய பாகைச் சுரண்டுவது தனி தண்டனை! அதனால் பலர் 2, 3 கேலன் மட்டும் கெட்டியாகக் காய்ச்சி, பிறகு தண்ணீர் சேர்க்கிறார்கள்.

உண்மையான சோதனை அடுப்பை அணைத்த பிறகுதான். ‘ஏல்’ வகை பீருக்கு, சாறு சுமார் 20 டிகிரி செல்சியஸுக்கு ஆறிய பிறகே ஈஸ்ட் சேர்க்க வேண்டும். கொதிக்கும் சூட்டில் போட்டால் ஈஸ்ட் செத்துவிடும். தானாக ஆறட்டும் என்று விட்டாலோ, கிருமிகள் முந்திக்கொள்ளும். எனவே சிங்க்கில் ஐஸ் தண்ணீரை நிரப்பி, கனத்த பாத்திரத்தைக் கை சுடாமல் அதில் இறக்குகிறார்கள். அதன்பின் அதில் படும் கரண்டிகூட கிருமிநீக்கம் செய்ததாக இருக்க வேண்டும்.

நொதித்தல் முடிந்ததா என்று ஹைட்ரோமீட்டரில் பார்த்த பிறகே பாட்டிலில் அடைக்கிறார்கள். அவசரப்பட்டால், வாயு அழுத்தம் தாங்காமல் அலமாரிக்குள்ளேயே பாட்டில் வெடிக்கும்.