குளோரின்தான் குற்றவாளியா?

எங்கள் குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் அண்மையில் ஒரு கோரிக்கை எழுந்தது. நிலத்தடித் தொட்டியில் பிளீச்சிங் பவுடர் கலப்பதை நிறுத்த வேண்டும். அதனால் புற்றுநோய் வருமாம். அச்சத்துக்கு அடிப்படை இல்லாமலில்லை, தீர்வுதான் தவறு.

குளோரின் கலந்த ஆற்றுநீரில் குளோரோஃபார்ம் உருவாவதை நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரக் குடிநீர் நிலைய வேதியியலாளர் ரூக் 1974-இல் வெளியிட்டார். மட்கிய இலை, பாசி, கழிவு ஆகியவற்றிலிருந்து நீரில் கரையும் கரிமப் பொருள்களோடு குளோரின் வினைபுரிவதே காரணம். டிரைஹாலோமீத்தேன்கள் எனப்படும் இத்தகைய சேர்மங்கள் மிகுந்த நீரைப் பல்லாண்டுகள் பயன்படுத்துவோருக்குச் சிறுநீர்ப்பைப் புற்றுநோய் வாய்ப்பு சற்றுக் கூடலாம் என ஆய்வுகள் சுட்டுகின்றன. அமெரிக்கா 1979-இல் இவற்றுக்கு லிட்டருக்கு 100 மைக்ரோகிராம் என வரம்பு விதித்து, பின்னர் 80 ஆகக் குறைத்தது. இந்தியக் குடிநீர்த் தரத்தில் குளோரோஃபார்முக்கு வரம்பு 200 மைக்ரோகிராம்.

பொருளியல் கற்பித்தவன் என்ற முறையில் நான் கேட்பது ஒன்றே: ஓர் இடரைத் தவிர்க்க நாம் தரும் விலை என்ன? புற்றுநோய் இடர் சிறியது. பல பத்தாண்டுகளில் விளைவது. காலராவோ சில மணி நேரத்தில் உயிரைப் பறிக்கவல்லது. எனவேதான், துணைவிளைபொருள்களைக் குறைப்பதற்காகக் கிருமிநீக்கத்தில் சமரசம் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

நெதர்லாந்து இன்று குளோரின் எச்சமின்றியே குடிநீர் வழங்குகிறது. அங்கு கரிமப் பொருள்கள் முன்கூட்டியே வடிகட்டப்படுகின்றன. குழாய்களில் கசிவு மிகக் குறைவு. இரவும் பகலும் நீரழுத்தம் நிலைத்திருக்கிறது. நம் நகரங்கள் பலவற்றில் குழாய்கள் சில மணி நேரமே நிறைந்திருக்கின்றன. அவை வெறுமையாகும்போது விரிசல் வழியே சாக்கடைநீர் உட்புகும். அதற்கெதிராக எஞ்சும் காவல், நீரில் மீதமிருக்கும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின்தான்.

ஆகவே, குறைக்க வேண்டியது குளோரினுக்கு இரையாகும் அழுக்கை. ஏரிகளில் கழிவுநீர் கலப்பதைத் தடுப்பதும், குளோரின் சேர்க்குமுன் நன்கு வடிகட்டுவதும், டிரைஹாலோமீத்தேன் அளவைச் சோதித்து மக்களுக்கு அறிவிப்பதும் அரசின் கடமை.

எங்கள் சங்கம் அன்று முடிவெடுத்தது: குளோரின் தொடரும், ஆனால், கண்ணளவில் அல்ல, சோதித்து அளவறிந்தே சேர்க்கப்படும். அதற்கு முன் தொட்டியைத் திறந்து பார்த்தோம். அடியில் நான்கு விரற்கடை உயரத்துக்குச் சேறு படிந்திருந்தது.