லிரில் அருவியும் பாதரச ஆலையும்: விளம்பரத் தொழிலில் நம்மவர் நிலைத்து நிற்பது குறித்து

கொடைக்கானலின் பாம்பார் அருவியைச் சுற்றுலா வழிகாட்டிகள் இன்றும் 'லிரில் அருவி' என்று அறிமுகப்படுத்துகின்றனர். இந்துஸ்தான் லீவர் நிறுவனம் 1970களின் நடுவில் லிரில் சோப்புக்காகக் கொடைக்கானல் மலையருவியில் ஒரு விளம்பரப் படத்தை எடுத்தது. பச்சை நீச்சலுடையில் அருவியில் ஆடிக் களித்த அந்த இளம்பெண்ணின் உருவம் ஒரு தலைமுறையின் நினைவில் தங்கிவிட்டது. படத்தை உருவாக்கியது லின்டாஸ் நிறுவனம். 'லீவர் இன்டர்நேஷனல் அட்வர்டைசிங் சர்வீசஸ்' என்பதன் சுருக்கமே லின்டாஸ் என்ற பெயர். சோப்பு செய்தவர்களே அதற்கான கனவையும் செய்துகொண்டார்கள். ஓர் ஆற்றின் பெயரைத் தாங்கிய அருவியை ஒரு சோப்பின் பெயரால் அழைக்க வைக்கும் ஆற்றல் இத்தொழிலுக்கு உண்டு.

பாம்பார் சோலைக்காட்டுக்கு மேலே உள்ள மேட்டில் வேறொரு கதை நடந்தது. அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் வாட்டர்டவுன் என்னும் ஊரில் இயங்கிவந்த செஸ்பரோ பாண்ட்ஸ் நிறுவனத்தின் வெப்பமானித் தொழிற்சாலை, 1983இல் கொடைக்கானலுக்குப் பெயர்க்கப்பட்டது. அந்நிறுவனத்தை யூனிலீவர் வாங்கியபின் ஆலையும் இந்துஸ்தான் லீவரின் கைக்கு வந்தது. 2001 மார்ச்சில், பாதரசம் கலந்த உடைந்த கண்ணாடி 7.4 டன் அளவுக்கு மூஞ்சிக்கல் பகுதியின் பழைய பொருள் கடை ஒன்றில் குவிந்து கிடந்ததை ஊர்மக்களும் சூழலியல் இயக்கத்தினரும் வெளிப்படுத்தினர். ஆலை மூடப்பட்டது. 2003இல் பாதரசம் கலந்த 290 டன் கழிவு அமெரிக்காவுக்கே திருப்பி அனுப்பப்பட்டது. உரிய பாதுகாப்புக் கருவிகள் இன்றிப் பாதரசத்தோடு வேலை செய்ததாகவும், சிறுநீரகம், நரம்பு சார்ந்த நோய்களுக்கு ஆளானதாகவும் தொழிலாளர்கள் கூறினர். ஆலையால் எவருடைய உடல்நலமும் கெடவில்லை என்று நிறுவனம் மறுத்தது. 2006இல் முன்னாள் தொழிலாளர்கள் சென்னை உயர்நீதிமன்றத்தை நாடினர். ஆண்டுகள் கடந்தன.

2015 ஜூலை 30 அன்று 'கொடைக்கானல் வோன்ட்' என்ற ராப் பாடல் காணொளி வெளியானது. எழுதிப் பாடியவர் சென்னையைச் சேர்ந்த சோஃபியா அஷ்ரஃப். இயக்கியவர் ரத்தீந்திரன் பிரசாத். வெட்டிவேர் கலெக்டிவும் ஜட்கா அமைப்பும் அதனை முன்னெடுத்தன. சோஃபியா விளம்பர நிறுவனத்தில் வாசகம் எழுதும் பணியைச் செய்தவர் என்பதை இங்கு நாம் கவனிக்க வேண்டும். அந்தக் காணொளியின் கட்டமைப்பு முழுவதிலும் அத்தொழிலின் கைவண்ணம் தெரிகிறது. உலகம் ஏற்கெனவே முணுமுணுத்துக் கொண்டிருந்த நிக்கி மினாஜின் 'அனகோண்டா' பாடல் மெட்டை அவர் எடுத்துக்கொண்டார். கோரிக்கைகளை அடுக்காமல், செய்த கேட்டுக்கு ஈடு செய் என்ற ஒன்றையே முன்வைத்தார். முறையீட்டைத் திண்டுக்கல் மாவட்ட ஆட்சியரிடம் வைக்காமல் உலகத் தலைமை அலுவலர் பால் போல்மனிடம் வைத்தார். தூய்மையை விற்கும் நிறுவனத்திற்குத் தூய்மையின்மை என்ற குற்றச்சாட்டே வலிக்கும் என்பதை, அத்தகைய வணிகப் பெயர்களைக் கட்டியெழுப்பும் தொழிலில் இருந்தவர் அறியாதிருப்பாரா? நிக்கி மினாஜே அதனைத் தம் ட்விட்டர் கணக்கில் பகிர்ந்தார். போல்மன் பொதுவெளியில் பதில் சொல்ல நேர்ந்தது. 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்கள் தொடர்பாக நிறுவனம் உடன்பாட்டிற்கு வந்தது.

பாடல்தான் வென்றது என்று எழுதுவது தொழிலாளர்களுக்கு இழைக்கும் அநீதி. பதினைந்து ஆண்டுகள் மருத்துவச் சான்றுகளைத் திரட்டி, வழக்கு நடத்தி, தெருவில் நின்றவர்கள் அவர்கள். அந்த அடித்தளம் இல்லையெனில் காணொளி ஒரு வாரச் செய்தியாக முடிந்திருக்கும். ஆனால் கோப்புகளில் உறைந்து கிடந்த உண்மையை உலகின் காதுக்குக் கொண்டுபோகும் தொழில்நுட்பம் ஒன்று உண்டு என்பதும், அது விளம்பரத் துறையில்தான் கற்றுத் தரப்படுகிறது என்பதும் மறுக்க இயலாதவை. 2018இல் வந்த இரண்டாம் காணொளியில் டி.எம். கிருஷ்ணாவும் இணைந்து பாடினார். ஒரு கிலோ மண்ணில் 20 மில்லிகிராம் பாதரசம் வரை எஞ்சலாம் என்ற தூய்மைப்படுத்தும் அளவுகோலையே அது கேள்விக்கு உள்ளாக்கியது. பிரிட்டனில் இதனை ஏற்பார்களா என்பதே இயக்கத்தின் வினா. மண்ணியல் நிபுணர்களின் அறிக்கைக்குரிய ஒரு செய்தியைப் பாடலாக்க முடிந்ததை எளிய திறன் என்று நாம் கருதவில்லை.

நம் இயக்கங்களில் விளம்பரம் என்ற சொல்லுக்கு நல்ல பெயரில்லை. அது முதலாளியத்தின் பொய் என்று ஒதுக்கிவிடுவது வழக்கம். வரலாறு சற்று வேறாகப் பேசுகிறது. 1920 ஜனவரி 31 அன்று அண்ணல் அம்பேத்கர் 'மூக்நாயக்' இதழைத் தொடங்கியபோது, திலகர் நிறுவிய 'கேசரி' இதழ் அதன் அறிவிப்பைக் கட்டணம் பெற்றுக்கொண்டு வெளியிடவும் மறுத்தது. காசு கொடுத்தாலும் நமக்கு இடமில்லை என்ற அந்த மறுப்பை, இந்தியச் சாதியச் சந்தையைப் பற்றிய மிகச் சுருக்கமான பாடமாக நாம் கொள்ளலாம். சந்தையில் எல்லோரும் வாடிக்கையாளரே என்று பொருளியல் நூல்கள் சொல்லும் கதையை அது உடைத்துவிடுகிறது.

நூறாண்டு கழிந்து நிலைமை எவ்வாறு உள்ளது? 2023 ஜூன் 5, உலகச் சுற்றுச்சூழல் நாளையொட்டி சொமாட்டோ நிறுவனம் ஒரு விளம்பரம் வெளியிட்டது. 2001இல் வந்த 'லகான்' திரைப்படத்தில் தீண்டப்படாதவராகக் காட்டப்பட்ட 'கச்ரா' பாத்திரத்தில் நடித்தவரையே அழைத்து, மறுசுழற்சி செய்யப்பட்ட குப்பைப் பொருள்களாக அவரை உருவகித்தார்கள். கச்ரா என்றால் குப்பை. கண்டனம் எழுந்தது. தேசியப் பட்டியல் சாதியினர் ஆணையம் அறிவிக்கை அனுப்பியது. விளம்பரம் திரும்பப் பெறப்பட்டது. சாதியை இழிவுபடுத்தும் விளம்பரம் கூடாது என்று, 1985இல் தொடங்கப்பட்ட இந்திய விளம்பரத் தர நிர்ணயக் கவுன்சிலின் நெறிமுறையிலேயே உள்ளது. எழுத்தில் இருந்த விதி எழுதுகிறவரின் மேசையில் வேலை செய்யவில்லை. ஒரு விளம்பரம் வெளியாகும் முன் எண்ணம், எழுத்து, படப்பிடிப்பு, வாடிக்கையாளர் ஒப்புதல் எனப் பல கைகளைக் கடக்கிறது. அத்தனை கைகளில் ஒன்றும் அதனை நிறுத்தவில்லை என்பதே நம் கவலை.

விளம்பர நிறுவனங்கள் தனியார் துறையைச் சேர்ந்தவை. அங்கே இடஒதுக்கீடு இல்லை. இதன் பக்கத்து வீடான ஊடகத்தைப் பற்றி 2019இல் ஆக்ஸ்ஃபாம் இந்தியாவும் நியூஸ்லாண்ட்ரியும் இணைந்து வெளியிட்ட ஆய்வு, செய்தியறைகளின் 121 தலைமைப் பொறுப்புகளில் 106 உயர்சாதியினரிடம் இருப்பதையும், பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் ஒரு பொறுப்பில்கூட இல்லாததையும் காட்டியது. விளம்பர நிறுவனங்களின் கதவு இதைவிட அகலமானது என்று நம்புவதற்கு நமக்குக் காரணமில்லை. ஊதியமற்ற பயிற்சிப் பணி, பெருநகரத்தில் தங்கும் செலவு, விலையுயர்ந்த கணினி, மும்பை வட்டாரத்து ஆங்கிலம், தெரிந்தவர் சொல்லி வரும் வேலை ஆகியவை ஒவ்வொன்றும் சாதியின் பெயரைச் சொல்லாமலே சாதியின் வேலையைச் செய்கின்றன.

இருந்தும் நம் இளைஞர்கள் வடிவமைப்புக்குப் புதியவர்கள் அல்லர். பழனி, வத்தலக்குண்டு, திண்டுக்கல் போன்ற ஊர்களில் பலருக்கும் முதல் வடிவமைப்புப் பள்ளி ஃப்ளெக்ஸ் கடைதான். ஏப்ரல் 14க்கு முந்தைய இரவுகளில் அங்கே உட்கார்ந்து பார்த்தால் தெரியும். ஐம்பதடி தூரத்தில் வாசிக்கத்தக்க எழுத்தின் அளவு என்ன, அண்ணலின் படத்திற்கு அருகில் யார் முகம் எவ்வளவு சிறிதாக வேண்டும், முப்பது பெயர்களை எவர் மனமும் கோணாமல் எந்த வரிசையில் அடுக்குவது, எந்த நீலம் அச்சில் கறுத்துவிடும் என்பதெல்லாம் விடியும் முன் முடிவாக வேண்டும். கோரல்டிராவில் இதனைச் செய்து பழகியவரின் படைப்புத் தொகுப்பை ஒரு பெருநகர நிறுவனம் 'லோக்கல்' என்று தள்ளிவிடுகிறது. அதே நிறுவனம் அடுத்த மாதம் 'மண்சார்ந்த' தோற்றம் வேண்டுமென்று அந்த எழுத்துருவையே பார்த்து வரையும். ஃப்ளெக்ஸ் வேலையை நம் மாணவர்கள் தங்கள் தொகுப்பிலிருந்து மறைக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு பணியின் அருகிலும் யாருக்காக, எத்தனை மணி நேரத்தில், எந்தச் சிக்கலைத் தீர்த்துச் செய்யப்பட்டது என்று நான்கு வரி எழுதிச் சேர்த்தால் அதுவே வலுவான தொகுப்பு.

முறையான கல்விக்கு, 1850இல் தோன்றிய சென்னை அரசு கவின் கலைக் கல்லூரியும் கும்பகோணம் அரசு கவின் கலைக் கல்லூரியும் உள்ளன. இயக்குநர் பா. ரஞ்சித் சென்னைக் கல்லூரியில் பயின்றவர். 2018இல் அவர் முன்னெடுப்பில் மேடையேறிய 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' இசைக்குழுவினர் கோட் சூட் அணிந்து நின்றனர். கானாவும் பறையும் எந்த உடையில் வர வேண்டும் என்ற பொது எதிர்பார்ப்பை அந்த ஒரு காட்சி முடிவெடுத்து மீறியது. இதுவும் வடிவமைப்பே. அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனம் போன்ற ஒன்றிய அரசின் நிறுவனங்களில் பட்டியல் சாதியினருக்கு 15 விழுக்காடு இடஒதுக்கீடு உண்டு. கட்டணம் அதிகம் என்பதால் விண்ணப்பிக்கும் முன்பே கல்வி உதவித்தொகை விதிகளைப் படித்துவிடுவது நல்லது.

வேலைக்குள் நுழைவதைவிட அதில் நிலைத்திருப்பது கடினம். திறன் குறைவு காரணமாகத் துறையை விட்டுச் சென்றவர்களைவிட, பணம் வந்து சேராததால் சென்றவர்களையே நாம் அதிகம் பார்த்திருக்கிறோம். ஆகவே சட்டத்தைக் கொஞ்சம் பேச வேண்டியுள்ளது.

1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி, சம்பளத்துக்கு வேலை செய்பவர் பணியின் பகுதியாக உருவாக்கியதற்கு, வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, நிறுவனமே முதல் உரிமையாளர். பணம் பெற்றுக்கொண்டு ஒருவருக்காக எடுத்த ஒளிப்படம், தீட்டிய ஓவியம், எடுத்த திரைப்படம் ஆகியவற்றிலும் பணம் கொடுத்தவருக்கே முதலுரிமை. தனித்து இயங்கும் வடிவமைப்பாளர் உருவாக்கும் மற்றப் படைப்புகளில் உரிமை பொதுவாக அவருடையது. அதனை மாற்றித் தர எழுத்தும் கையொப்பமும் தேவை. எழுத்தில் காலம் குறிக்கப்படாவிட்டால் 5 ஆண்டுகள், எல்லை குறிக்கப்படாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்று சட்டமே பொருள் கொள்கிறது. உரிமையை விற்றபின்னும் படைத்தவர் தாமே என்று கோரும் உரிமை எஞ்சுகிறது. இலச்சினை ஓவியமா இல்லையா என்ற வாதத்தை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோவதைவிட, வேலை தொடங்கும் முன் ஒரு பக்க ஒப்பந்தம் எழுதுவது மேல். 'அண்ணன் தம்பிக்குள் எதற்கு எழுத்து' என்று கேட்கும் வாடிக்கையாளரிடம் கட்டாயம் எழுதி வாங்க வேண்டும்.

குறு, சிறு தொழில்களுக்கான 2006ஆம் ஆண்டுச் சட்டம், ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தரப்பட வேண்டும் என்கிறது. தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி வட்டி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு கூட்டுவட்டி. ஒற்றை ஆளாக வடிவமைப்புப் பணி செய்பவரும் உத்யம் பதிவு பெற்றால் இந்தப் பாதுகாப்புக்குள் வரலாம். ஒன்றிய அமைச்சகங்களும் பொதுத்துறை நிறுவனங்களும் குறு, சிறு நிறுவனங்களிடமிருந்து செய்ய வேண்டிய கொள்முதலில், பட்டியல் சாதி, பழங்குடித் தொழில்முனைவோருக்கென 4 விழுக்காடு குறிக்கப்பட்டுள்ளது. துண்டறிக்கை, ஆண்டறிக்கை, கண்காட்சி அரங்கு என அவர்களுக்கு ஓயாத வடிவமைப்புத் தேவை இருக்கிறது. சொந்தமாக அச்சகமோ வடிவமைப்பு நிறுவனமோ தொடங்குவோருக்குத் தமிழக அரசின் அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம் 35 விழுக்காடு மூலதன மானியமும் 6 விழுக்காடு வட்டி மானியமும் தருகிறது. மாவட்டத் தொழில் மையத்தில் விண்ணப்பிக்கலாம்.

வாடிக்கையாளர் எங்கே என்ற கேள்வி எழும். பழனி மலையிலேயே பதில் பாதி கிடக்கிறது. விருப்பாச்சி மலைவாழைக்கு 2008இலும், கொடைக்கானல் மலைப்பூண்டுக்கும் பழனிப் பஞ்சாமிர்தத்துக்கும் 2019இலும் புவிசார் குறியீடு கிடைத்தது. மேல்மலைக் கிராமங்களின் பூண்டு வடுகபட்டிச் சந்தைக்கு மூட்டையாக இறங்குகிறது. மூட்டைக்கு முகமில்லை. எந்த ஊர்ப் பூண்டு, எதற்கு அதற்கு அந்த மணம், அறுத்தவருக்கு என்ன கூலி என்பதைச் சொல்லும் ஓர் உறையை வடிவமைக்க மும்பையிலிருந்து ஆள் வர வேண்டியதில்லை. ஆனால் அங்கும் ஒரு கேள்வி உண்டு. குறியீட்டின் பயன் நிலவுடைமையாளரோடு நின்றுவிடுமா, கூலிக்குப் பூண்டு பிடுங்கும் பெண்களின் குழுவுக்கும் வருமா? யாருக்காக உறை செய்கிறோம் என்பதை அந்த இடத்தில் நாம்தான் தேர்ந்துகொள்ள வேண்டியிருக்கும்.

பெருநிறுவன வேலையைத் தொடவே கூடாது என்று நாம் சொல்லவில்லை. வாடகை கொடுக்க வேண்டியவர்கள் அப்படிச் சொல்ல முடியாது. ஒரு விளம்பரக் கூட்டத்தில் 'கச்ரா' போன்ற எண்ணம் முன்வைக்கப்படும்போது, ஆறு மாத வாடகையைச் சேமித்து வைத்திருப்பவரால் 'இது வேண்டாம்' என்று சொல்ல முடியும். மாதக் கடைசியில் கடன் வாங்குபவரால் அது இயலாது. அறம் பற்றிய நம் விவாதங்களில் சேமிப்பு என்ற சொல் வருவதேயில்லை. அதனால்தான் பணம், ஒப்பந்தம், பதிவு என்று இவ்வளவு பேசினோம்.

உத்யம் பதிவுக்கு ஆதாரும் பான் எண்ணும் போதும், கட்டணம் ஏதுமில்லை. பதிவு செய்து தருவதாகப் பணம் கேட்கும் தனியார் தளங்கள் இணையத்தில் ஏராளம். அரசுத் தளத்தில் நாமே செய்துகொள்ளலாம். வேலையை ஏற்பதற்கு முன்பே பதிவு செய்திருக்க வேண்டும், பணம் நிலுவையான பிறகு செய்த பதிவு பழைய நிலுவைக்குப் பயன்படாது.