ஒட்டுப்போட்ட இடத்தில் ஒரு புடைப்பு

விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில், சூளையிலிருந்து வந்த கோப்பையில் விரிசல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமானால் முதலில் எங்கே பார்ப்பீர்கள்? கைப்பிடி ஒட்டிய இடத்தில்தான் அல்லவா? மனித மூளையிலும் அப்படி ஓர் ஒட்டு போடுவதுண்டு.

காதுக்குச் சற்று முன்னால் விரலை வையுங்கள். துடிப்பு தெரிகிறதா? அங்கே தோலுக்கடியில் ஒரு தமனி ஓடுகிறது. 1967 அக்டோபரில் சூரிச் நகரில் டாக்டர் யாசர்கில் இந்தத் தமனியின் கிளையை மண்டையோட்டிலிட்ட துளை வழியே உள்ளே செலுத்தி, மூளைத் தமனி ஒன்றுடன் தைத்து இணைத்தார். நுண்ணோக்கியில் பார்த்து, தலைமுடியைவிட மெல்லிய இழையால் போடும் தையல் இது. அடைபட்ட பாதைக்குப் பதிலாக இரத்தம் செல்ல ஒரு புறவழி! இதுவே மூளை பைபாஸ் அறுவை. சாதாரண அடைப்புகளில் மருந்தைவிட இது மேலானதல்ல என்று 1985இல் வெளியான பெரிய ஆய்வு காட்டியது. ஆயினும் மொயாமொயா போன்ற சில நோய்களுக்கு இன்றும் இது கைகொடுக்கிறது.

அரிதாக, மாதங்களோ ஆண்டுகளோ கழித்து, தைத்த இடத்தில் தமனிச் சுவர் பைபோலப் புடைக்கிறது. இதற்கு அனியூரிசம் என்று பெயர். ஊசி துளைத்ததால் சுவரின் நார்கள் நலிந்திருக்கலாம். புதிய கோணத்தில் பாயும் இரத்தம் ஒரே இடத்தில் ஓயாமல் மோதலாம்.

ஒரு நீண்ட பலூனை ஊதிப் பாருங்கள். உள்ளே காற்றழுத்தம் எங்கும் ஒன்றே. ஆயினும் முதலில் ஓரிடம்தான் புடைக்கிறது. ஏன்? சுவர் எங்கு எளிதில் இளகுகிறதோ அங்கேதான் புடைப்பு தொடங்கும். பின் என்ன ஆகும்? குழாய்ச் சுவரின் தகைவைக் காண, அழுத்தத்தை ஆரத்தால் பெருக்கிச் சுவரின் தடிமனால் வகுக்க வேண்டும். ஆரம் இரு மடங்காகித் தடிமன் பாதியானால், அழுத்தம் மாறாமலே தகைவு நான்கு மடங்காகிவிடும்! பை வடிவுக்குக் கணக்கு சற்று மாறினாலும் போக்கு ஒன்றே. புடைக்கப் புடைக்கச் சுவர் மெலிகிறது; மெலிந்த சுவர் மேலும் புடைக்கிறது. வெடித்தால் மூளைக்குள் இரத்தக்கசிவு, உயிருக்கே ஆபத்து.

தமனியில் புடைப்பு வளரும்போது வலியோ வேறு அறிகுறியோ இல்லாமலே போகலாம். ஆகவேதான், நலமாக இருப்பவரையும் ஆண்டுகள் கழித்து மருத்துவர் மீண்டும் அழைத்து இரத்தக்குழாய்களைப் படமெடுத்துப் பார்க்கிறார். புடைப்பை முன்பே கண்டுவிட்டால், வெடிக்குமுன் அதை அடைக்கவோ கிளிப்பிட்டு மூடவோ வழியுண்டு. உங்கள் வீட்டில் யாருக்காவது இத்தகைய அறுவை நடந்திருந்தால், “இப்போதுதான் நன்றாக இருக்கிறாரே” என்று அந்தச் சோதனையைத் தவறவிடாதீர்கள். கோப்பையின் விரிசலைச் சூளை அன்றே காட்டிவிடும். தமனியின் ஒட்டோ மாதங்களோ ஆண்டுகளோ கழித்துத்தான் காட்டக்கூடும்.