வெட்டினால் மட்டும் போதாது!
மீண்டும் மீண்டும் வளரும் கண் சதைக்கு என்னதான் தீர்வு?

மூக்கை ஒட்டிய ஓரத்தில், வெள்விழி மேல் முக்கோணமாக ஒரு சதை. சிவந்த ரத்தக் குழாய்கள் ஓட, மெல்ல மெல்லக் கருவிழி மேல் ஏறும். ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு வட்டாரத்தில் ‘கண்ணுல சதை வளருது’ என்பார்கள். மருத்துவர்கள் வைத்திருக்கும் பெயர் டெரிஜியம். இது புற்றுநோய் அல்ல. ஆனால் கருவிழியை இழுத்துப் பார்வையைக் கலைக்கும். அதைவிடப் பெரிய தொல்லை, எடுத்த பிறகும் திரும்ப வளர்வது.

வெயிலும் சுண்ணாம்பும்

இந்தச் சதைக்கு முதல் காரணம் என்று சுட்ட வேண்டியது வெயிலின் புற ஊதாக் கதிர்களை. பூமத்திய ரேகைக்கு வடக்கிலும் தெற்கிலும் 37 பாகைக்குள் வாழ்பவர்களுக்கே இது அதிகம் என்று 1965-இல் கேமரான் என்ற ஆஸ்திரேலிய மருத்துவர் வரைந்து காட்டினார். இந்த ஊர்களுக்கு அருகிலுள்ள வேலூர் இருப்பது 13-ஆவது பாகையில். தமிழகத்தில் 40 வயது கடந்தவர்களிடம் நடந்த ‘சென்னை கிளாக்கோமா ஆய்வு’, நூற்றுக்கு ஒன்பது பத்துப் பேருக்கு இந்தச் சதை இருப்பதையும், நகரத்தைவிடக் கிராமத்தில் அதிகம் என்பதையும் காட்டியது.

இந்த வட்டாரத்தின் தோல் தொழில்தான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் திறந்த வெளியில் தோல் காயவைப்பவர், லோடு ஏற்றுபவர், கண்ணாடி போடாமல் நெடுஞ்சாலையில் வண்டி ஓட்டி ஷூ கம்பெனிக்குப் போகிறவர் என எல்லோருக்கும் வெயிலும் தூசியும் அன்றாடம்.

இன்னொரு ஆபத்து தோல் பதனிடும் ஷாப்புக்கே உரியது. முடி நீக்கத் தோலை ஊறவைக்கும் சுண்ணாம்பும் சோடியம் சல்ஃபைடும் கண்ணில் தெறித்தால் கருவிழி ஓரம் வெந்துவிடும். அந்தப் புண் ஆறும்போது, வெள்விழியைப் போர்த்திய விழிவெண்படலம் கருவிழியோடு ஒட்டிக்கொண்டு ‘போலி டெரிஜியம்’ உருவாகும். பார்க்க ஒன்றுபோல் இருந்தாலும் சிகிச்சை வேறு. எனவே, எப்போதோ சுண்ணாம்பு பட்டிருந்தால் அதை மருத்துவரிடம் சொல்லியே ஆக வேண்டும்.

ஏன் திரும்ப வருகிறது?

கருவிழியும் வெள்விழியும் சேரும் விளிம்பில் ஸ்டெம் செல்கள் இருக்கின்றன. ஏரிக்கரைபோல அவைதான் வெண்படலத்தைக் கருவிழிப் பக்கம் வராமல் தடுக்கின்றன. கரை உடைந்த இடத்தில்தான் சதை நுழைகிறது. சதையை மட்டும் எடுத்துவிட்டு வெள்விழியைத் திறந்தபடி விட்டால், உடைப்பு உடைப்பாகவே இருக்கும். இந்தப் பழைய முறையில் 24 முதல் 89 சதவீதம் வரை திரும்ப வளர்ந்ததாக மருத்துவ இலக்கியம் சொல்கிறது. இந்தச் சதையை ‘அர்மம்’ என்று ஐந்து வகையாகப் பிரித்த பண்டைய இந்திய மருத்துவர் சுசுருதரும், குறைவாக வெட்டினால் சீக்கிரமே திரும்ப வளரும் என்று எச்சரித்திருக்கிறார்.

வெட்டிய இடத்தை மூடும் முறை வந்தபின் நிலைமை மாறியது. மேல் இமைக்கு அடியில் இருக்கும் நல்ல வெண்படலத்தில் ஒரு துண்டு எடுத்து, வெட்டிய இடத்தில் ஒட்டுவது. 1985-இல் அமெரிக்காவில் கென்யன் குழுவினர் 57 கண்களில் இதைச் செய்தார்கள். 3 கண்களில் மட்டுமே சதை திரும்பியது. தையலுக்குப் பதில் இப்போது ஃபைப்ரின் பசையும், நோயாளியின் சொந்த ரத்தமும்கூடப் பயன்படுகின்றன. பிரிஸ்பேனின் லாரன்ஸ் ஹர்ஸ்ட், அடித்திசுவை இன்னும் அகலமாக நீக்கி, பெரிய துண்டால் மூடி, 1,000 அறுவை சிகிச்சைகளில் ஒரே ஒரு முறைதான் சதை திரும்பியதாகப் பதிவு செய்திருக்கிறார்.

இரண்டாம் முறை கடினம்

திரும்ப வரும் சதை, தழும்போடு தடித்து வரும். கண்ணை அசைக்கும் தசையோடு ஒட்டிக்கொண்டு இரட்டைப் பார்வைகூடத் தரலாம். முதலில் அந்தத் தசையைத் தனியே பிரித்துக் காப்பாற்றிவிட்டுத்தான் மருத்துவர் தழும்பை எடுப்பார். மேல் வெண்படலம் ஏற்கெனவே செலவாகியிருந்தால், கீழிருந்தோ மறு கண்ணிலிருந்தோ எடுக்க வேண்டும். அதுவும் இல்லாவிட்டால், சிசேரியன் பிரசவத்தில் தானமாகப் பெற்ற பனிக்குடச் சவ்வு உதவும். ஆனால் சொந்தத் திசு அளவுக்கு அது தடுப்பதில்லை. புற்றுநோய் மருந்தான மைட்டோமைசினைச் சில நிமிடம் வைத்துக் கழுவுவதும் உண்டு. அளவு மீறினால் வெள்விழியே அரித்துப்போகும் என்பதால் அது எல்லோருக்கும் இல்லை. எடுத்த சதையைப் பரிசோதனைக்கு அனுப்புவதும் அவசியம். சில சமயம் கண் பரப்புப் புற்று இதே வேடத்தில் வரும்.

இதற்கெல்லாம் தூரம் போகத் தேவையில்லை. 1902-இல் மருத்துவர் ஐடா ஸ்கடர் 40 படுக்கைகளோடு வேலூரில் தொடங்கிய ஷெல் மருத்துவமனைதான் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் (சி.எம்.சி.) கண் சிகிச்சைக்கு வீடானது. அடுக்கம்பாறையில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் இருக்கிறது.

நோயாளி செய்ய வேண்டியது

ஆபரேஷனுக்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள்: “எடுத்த இடத்தை எதை வைத்து மூடுவீங்க டாக்டர்?” திரும்ப வருவதானால் பெரும்பாலும் முதல் வருடத்துக்குள் வந்துவிடும். கண் உறுத்தல் போய்விட்டது என்று மறுபரிசோதனையை நிறுத்தாதீர்கள். ஸ்டீராய்டு சொட்டு மருந்தை மருந்துக் கடையில் நீங்களாகவே வாங்கி ஊற்றினால் கண் அழுத்தம் ஏறிப் பார்வை நரம்பே கெடலாம். மூலிகைச் சாறு, தாய்ப்பால் எதுவும் கண்ணில் வேண்டாம்.

கம்பெனிகளுக்கும் ஒரு பங்கு உண்டு. சுண்ணாம்புக் குழியருகே கண் கழுவத் தண்ணீர்க் குழாயும், வேலை செய்பவருக்குப் பக்கவாட்டை மறைக்கும் கண்ணாடியும் பெரிய செலவல்ல. பக்கவாட்டில் நுழையும் ஒளியைத்தான் கருவிழி மூக்குப் பக்க விளிம்பில் குவிக்கிறது என்று 1993-இலேயே கொரோனியோ என்ற மருத்துவர் விளக்கிவிட்டார். முன்பக்கம் மட்டும் மறைக்கும் கண்ணாடி பாதிக் காவல்தான்.