ஊடலுக்கும் ஒரு திருநாள்

பிணக்கே எழாத வீடு உலகில் இல்லை. எழுந்த பிணக்கு எவ்வாறு தீர்கிறது என்பதே இல்லறத்தின் உரைகல். இதை நன்கு உணர்ந்த நம் முன்னோர், ஊடலை ஒளித்து வைக்காமல் அதற்கென்று ஒரு திருநாளையே கோயிலில் வகுத்து வைத்தனர்.

திருவரங்கத்தில் பங்குனிப் பெருவிழாவின் ஆறாம் நாள், ஆயில்யத்தன்று, நம்பெருமாள் உறையூருக்கு எழுந்தருளிக் கமலவல்லி நாச்சியாருடன் சேர்த்தி கண்டருள்கிறார். பின்னர் உத்திரத்தன்று ஸ்ரீரங்கநாச்சியாரின் சந்நிதிக்கு வருகையில், அவருக்கு முன்பாகக் கதவு சாத்தப்படுகிறது. விரலில் இருந்த கணையாழி எங்கே என்று தாயார் தரப்பில் கேள்வி எழுகிறது. வேட்டைக்குச் சென்ற இடத்தில் தவறிவிட்டது என்று பெருமாள் தரப்பில் விடை வருகிறது. பூவும் பழமும் வெண்ணெயும் அவர்மீது வீசப்படுகின்றன. இரு தரப்பினரும் மாறிமாறி வாதிட்ட பிறகு, நம்மாழ்வார் எழுந்தருளிச் சமாதானம் செய்து வைக்கிறார். கதவு திறக்கிறது; தாயாரும் பெருமாளும் ஒருசேரக் காட்சி தருகின்றனர். அந்தச் சேர்த்தியின் திருமுன்பேதான் இராமாநுஜர் சரணாகதி கத்தியத்தை விண்ணப்பித்தார் என்பது சம்பிரதாயம். ‘மட்டையடி’ என்றும் ‘பிரணய கலகம்’ என்றும் வழங்கும் இவ்வுற்சவம் திருவல்லிக்கேணி உள்ளிட்ட பல திருமால் தலங்களிலும் நடைபெறுகிறது.

சைவத்திலும் இதற்கு இணை உண்டு. அம்மையை விடுத்து அப்பனை மட்டுமே வலம்வந்த பிருங்கி முனிவரை முன்னிட்டு எழுந்த ஊடல், திருவண்ணாமலையில் மாட்டுப் பொங்கலன்று திருவூடல் விழாவாக நிகழ்கிறது. அது நடைபெறும் வீதிக்கே திருவூடல் வீதி என்று பெயர். அங்கே தூது செல்பவர் சுந்தரமூர்த்தி நாயனார்.

இவ்விரு விழாக்களிலும் ஓர் ஒழுங்கு இருப்பதைக் காணலாம். குறை வாய்விட்டுச் சொல்லப்படுகிறது. எதிர்த்தரப்பு அதை முழுவதும் கேட்ட பிறகே விடை சொல்கிறது. வீசப்படுவது பூவும் வெண்ணெயுமேயன்றிக் கல் அன்று. இருவருக்கும் வேண்டிய ஒருவர் நடுவே நிற்கிறார். எல்லாவற்றுக்கும் மேலாக, ஊடல் கூடலில் முடிந்தே ஆகவேண்டும் என்பது தொடக்கத்திலேயே தீர்மானமான ஒன்று. விளையாட்டுக்கு உரிய இலக்கணமும் இதுதான். நேரே சொன்னால் புண்படுத்தும் சொல், விளையாட்டின் வழியே சொல்லப்படும்போது செவியில் ஏறுகிறது.

திருவள்ளுவரும் காமத்துப்பாலின் நிறைவு மூன்று அதிகாரங்களைப் புலவி, புலவி நுணுக்கம், ஊடலுவகை என ஊடலுக்கே ஒதுக்கினார். 1330 குறட்பாக்களைக் கொண்ட நூல் ஊடலின் இன்பத்தைப் பேசி நிறைவெய்துவது சிந்திக்கத்தக்கது.

நம் திருமணங்களில் நலங்கு வைத்ததன் நோக்கமும் இதுவே. முன்பின் அதிகம் பேசிப் பழகாத மணமக்கள் தேங்காய் உருட்டியும், ஒருவர் தலையில் மற்றவர் அப்பளம் நொறுக்கியும் கூச்சம் தெளிந்தனர். சம்பந்திகளைக் கேலி செய்யும் பாடல்கள் இரு குடும்பங்களின் இறுக்கத்தையும் தளர்த்தின. இன்று மண்டபத்தைக் காலி செய்யும் அவசரத்தில் முதலில் விடுபடுவது நலங்குதான்.

தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை, பெருங்களத்தூர் எனப் பரந்து கிடக்கும் நம் புறநகரின் நிலையை எண்ணிப் பாருங்கள். மகன் சிறுசேரியிலிருந்தும் மருமகள் மின்சார ரயிலில் நகரத்திலிருந்தும் களைத்துத் திரும்புகின்றனர். பணி ஓய்வு பெற்ற பெரியவர்களோ நாள் முழுதும் ஒரே கூரையின்கீழ் இருந்தும், காபி, மாத்திரை, மின்கட்டணம் தவிர வேறு பேச்சின்றி இருக்கின்றனர். இரவில் ஆளுக்கொரு கைப்பேசி.

வைகுண்ட ஏகாதசியன்று திருநீர்மலையில் பெருமாளைச் சேவிக்கும் குடும்பங்கள், அன்றிரவு கண்விழிக்கப் பரமபத சோபான படத்தை விரித்து ஆடுவது வழக்கம். அந்தப் படத்தை வாரம் ஒருமுறை, ஞாயிறு மாலையில் விரிக்கலாம். ஒரு சிறு விதியையும் சேர்த்துக்கொள்ளலாம்: ஏணியில் ஏறுபவர், அந்த வாரம் வீட்டிலுள்ள ஒருவர் தமக்குச் செய்த நன்மையைச் சொல்லவேண்டும். பாம்பில் இறங்குபவர், தம் மனத்தை வருத்திய ஒன்றைச் சொல்லவேண்டும். அதற்கு எவரும் உடனே புத்திமதி கூறலாகாது.

மட்டையடியைப் பின்பற்றியும் ஓர் ஆட்டம் உண்டாக்கலாம். கருத்து வேறுபாடு ஒன்றை எடுத்துக்கொண்டு, மனைவியின் தரப்பைக் கணவரும், கணவரின் தரப்பை மனைவியும் வாதிடவேண்டும். “என் மனத்தில் உள்ளதைச் சரியாகச் சொல்லிவிட்டீர்கள்” என்று எதிராளி ஒப்புக்கொண்டால்தான் வெற்றி. பாட்டியோ தாத்தாவோ நம்மாழ்வார் ஸ்தானத்தில் அமரலாம். பிறர் இடத்தில் நின்று பார்ப்பதை உபதேசத்தால் கற்பிப்பது கடினம். ஆட்டத்தில் அது தானே வந்துவிடும். ஆனால் உடற்குறை, பிறந்த வீடு, வருமானம் ஆகியவற்றைக் கேலிக்குப் பொருளாக்குதல் கூடாது. ஒருவர் முகம் வாடினால் அக்கணமே ஆட்டத்தை நிறுத்திவிட வேண்டும்.

ஓர் எச்சரிக்கை. அடியும் அச்சுறுத்தலும் உள்ள இடத்தில் நிகழ்வது ஊடல் அன்று, அது கொடுமை. அதை விளையாட்டால் தீர்க்க முயலலாகாது. அத்தகைய துயரில் உள்ள பெண்கள் 181 என்ற உதவி எண்ணை அழைக்கத் தயங்க வேண்டியதில்லை.

வரும் பங்குனி உத்திரத்துக்கு வாய்ப்பிருந்தால் குடும்பத்தோடு மட்டையடி சேவியுங்கள். கதவு சாத்தியதும் திரும்பிவிடாமல், அது திறக்கும்வரை காத்திருந்து, சேர்த்தியைக் கண்டு வாருங்கள்.