மெலிந்த பனி, கனத்த ஆபத்து

பனி பெய்யாத குளிர்காலங்களில் குல்மார்கின் சரிவுகள் சாதுவாகத் தெரிகின்றன. மலையை அறிந்தவர்கள் அதிகம் அஞ்சுவது அந்த வருடங்களைத்தான்.

2024 ஜனவரியில் குல்மார்க் வந்து இறங்கிய சுற்றுலாப் பயணிகளுக்கு ஏமாற்றம் காத்திருந்தது. காலண்டர்களிலும் சினிமாப் பாடல்களிலும் பார்த்த வெள்ளைப் புல்வெளி காய்ந்து பழுப்பேறிக் கிடந்தது. சறுக்கு வண்டி இழுத்துப் பிழைப்பவர்களுக்கு இழுக்கப் பனி இல்லை. வாடகைக் கடைகளில் ஸ்கீ பலகைகள் சுவரில் சாய்ந்திருந்தன. ஹோட்டல் அறைகள் ரத்தாகிக்கொண்டிருந்தன. அப்போது முன்னாள் முதல்வராக இருந்த ஒமர் அப்துல்லா, முந்தைய வருடங்களின் பனிமூடிய படங்களை வெளியிட்டு, குளிர்காலத்தில் இவ்வளவு வறண்ட குல்மார்கைத் தான் பார்த்ததேயில்லை என்று வருந்தினார்.

ஆனால் புல்வெளிக்கு மேலே கதை வேறு. ஸ்ரீநகரிலிருந்து சுமார் 50 கி.மீ. தொலைவில், 2,650 மீட்டர் உயரத்தில் இருக்கிறது குல்மார்க். அங்கிருந்து கிளம்பும் கோண்டோலா கேபிள் கார் இரண்டு கட்டங்களாக ஏறுகிறது. முதல் கட்டம் கோங்டூரி வரை. 2005ல் திறக்கப்பட்ட இரண்டாவது கட்டம் அஃபர்வட் மலையின் தோளில், ஏறத்தாழ 3,950 மீட்டர் உயரத்தில் கொண்டுபோய் விடுகிறது. கீழே பழுப்பாக இருக்கும்போதும் அங்கே கொஞ்சம் பனி இருக்கும். பள்ளங்களிலும் நிழல் விழும் சரிவுகளிலும் அது ஒட்டிக்கொண்டிருக்கும்.

அந்தக் கொஞ்சத்தைத் தேடிப் போகிறவர்கள் இருக்கிறார்கள். கேபிள் கார் நிற்கும் இடத்தில் அவர்கள் பயணம் முடிவதில்லை, அங்கேதான் ஆரம்பிக்கிறது. ஸ்கீ பலகைகளின் அடியில் 'ஸ்கின்' எனப்படும் மயிரடர்ந்த பட்டையை ஒட்டிக்கொள்கிறார்கள். ஒரு காலத்தில் சீல் விலங்கின் தோலில் செய்யப்பட்ட இந்தப் பட்டை இப்போது நைலானிலும் ஆட்டு மயிரிலும் வருகிறது. அதன் மயிர் ஒரே திசையில் படிந்திருப்பதால் பலகை முன்னால் வழுக்கும், பின்னால் வழுக்காது. குதிகால் மட்டும் தூக்கும்படி பூட்டைத் தளர்த்திக்கொண்டு, சரிவில் வளைந்து வளைந்து நடந்தே ஏறுகிறார்கள். உச்சியில் பட்டையை உரித்துப் பைக்குள் வைத்து, குதிகாலைப் பூட்டி, யார் காலும் படாத பனியில் சறுக்கி இறங்குகிறார்கள். இரண்டு மணி நேரம் ஏறியதற்குப் பலன் பத்து நிமிட இறக்கம். இதற்குப் பெயர் ஸ்கீ டூரிங். ரஷ்யா, போலந்து, ஆஸ்திரேலியா என்று உலகின் பல மூலைகளிலிருந்தும் ஆட்கள் குல்மார்குக்கு வருவது இதற்காகத்தான்.

குல்மார்குக்கு ஸ்கீ புதிதல்ல. பிரிட்டிஷ் ராணுவ அதிகாரிகள் 1927லேயே இங்கே ஸ்கீ கிளப் ஆரம்பித்துவிட்டார்கள். ராணுவத்தின் உயர்மலைப் போர்ப் பயிற்சிப் பள்ளியும் மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் ஸ்கீ பயிற்சிக் கழகமும் இங்கேதான் இருக்கின்றன. சறுக்கு வண்டிக்காரர்களின் வீட்டுப் பிள்ளைகள் பலர் ஸ்கீ கற்று வழிகாட்டிகளாகிவிட்டார்கள். ஆக, பனி என்பது இந்த ஊருக்கு அழகு மட்டுமல்ல, வருடச் சம்பளமும்கூட.

அந்தச் சம்பளம் இப்போது தள்ளாடுகிறது. காஷ்மீரிகள் குளிர்காலத்தை மூன்றாகப் பிரிக்கிறார்கள். டிசம்பர் 21ல் தொடங்கும் 'சில்லை கலான்' 40 நாள். அடுத்த 'சில்லை குர்த்' 20 நாள். கடைசி 'சில்லை பச்சா' 10 நாள். இதில் முதல் 40 நாளில் விழும் பனிக்கே மதிப்பு. கடுங்குளிரில் இறுகி, கோடை வரை மலையில் தங்குவது அதுதான். பிந்தி விழும் பனி வெயிலில் சீக்கிரம் கரைந்துவிடும். 2023 - 24 குளிர்காலத்திலோ 40 நாளும் முடியும் தறுவாயில், ஜனவரிக் கடைசியில்தான் முறையான பனிப்பொழிவு வந்தது. அடுத்த வருடமும் ஜனவரி, பிப்ரவரி ஏமாற்றின. 2025 பிப்ரவரி 22ல் குல்மார்கில் தொடங்கவிருந்த கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகள் பனி இல்லாமல் தள்ளிவைக்கப்பட்டு, மார்ச் 9ல்தான் நடந்தன. அந்தப் பிப்ரவரியில் தெற்குக் காஷ்மீரின் அச்சபல் மொகலாயத் தோட்டத்து ஊற்றே வறண்டுபோயிற்று.

காரணம் தொலைவில் இருக்கிறது. இமயமலையின் மேற்குப் பகுதிக்குக் குளிர்காலப் பனியைக் கொண்டுவருவது மத்தியதரைக் கடல் பக்கமிருந்து வரும் 'மேற்கத்திய இடையூறுகள்' என்ற காற்றழுத்த அலைகள். அவை வலுவிழந்தாலோ பாதை மாறினாலோ காஷ்மீருக்குப் பனி இல்லை. காற்று கொஞ்சம் சூடாக இருந்தாலும் போதும், தாழ்வான இடங்களில் பனிக்குப் பதில் மழை விழும். இந்துகுஷ் - இமயமலைப் பிராந்தியத்தில் 2024 - 25 குளிர்காலத்தில் தரையில் தங்கிய பனி வழக்கத்தைவிட 23.6 சதவிகிதம் குறைவு, 23 வருடங்களில் இதுவே மிகக் குறைவு என்று காத்மாண்டுவிலுள்ள ஐசிமோட் ஆய்வு மையம் கணக்கிட்டது.

பனி குறைந்தால் பனிச்சரிவு ஆபத்தும் குறையும் என்றுதான் யாருக்கும் தோன்றும். இந்தக் கணக்கில்தான் கோளாறு.

பனிப் போர்வையின் அடிப்பகுதி தரையைத் தொட்டுக்கொண்டிருப்பதால் அதன் வெப்பம் சுமாராக பூஜ்யம் டிகிரி. மேற்பரப்பு இரவில் மைனஸ் 15 டிகிரிக்கு இறங்குவதாக வைத்துக்கொண்டால், 2 மீட்டர் கனமுள்ள போர்வையில் இந்த வித்தியாசம் பரவிப்போய், 10 செ.மீ.க்கு ஒரு டிகிரிகூட இருக்காது. பனித்துகள்கள் மெல்ல ஒன்றோடொன்று ஒட்டி இறுகும். அதே குளிரில் போர்வை அரை மீட்டர்தான் என்றால் 10 செ.மீ.க்கு 3 டிகிரி. ஒரு டிகிரியைத் தாண்டினாலே சங்கடம். அடியிலிருந்து நீராவி மேலேறி, துகள்களின் வடிவத்தையே மாற்றிவிடும். இறுகியிருக்க வேண்டிய பனி சீனியைப்போல், ஒன்றோடொன்று ஒட்டாத பெரிய பெரிய படிகங்களாகிவிடும். கையில் அள்ளினால் விரலிடுக்கில் உதிரும்.

மெலிந்த பனி, மேகமற்ற வானம், நீண்ட கடுங்குளிர் - பனி வறட்சியின் இந்த மூன்று அடையாளங்களும்தான் அந்தச் சீனிப் படுகையை உருவாக்கத் தேவையானவை. வறட்சி நீடிக்கும்வரை அதனால் யாருக்கும் கெடுதல் இல்லை, அதன் மேல் பாரம் இல்லை. கடைசியில் எல்லோரும் வேண்டிக்கொண்ட பனி வருகிறது. இரண்டு மூன்று நாளில் ஒரு மீட்டர், ஒன்றரை மீட்டர். காற்று அதை இறுக்கிப் பலகையாக்குகிறது. சீனியின்மேல் சிமெண்ட் பலகை வைத்த கதை. அங்கே ஒரு மனிதனின் எடை போதும். பெரும்பாலான சரிவுகள் நிகழ்வது 30 முதல் 45 டிகிரி சாய்மானத்தில். சறுக்குவதற்குச் சுகமான சாய்மானமும் அதேதான்.

அபாயம் இதோடு நிற்பதில்லை. மெலிந்த வருடங்களில் முகடுகளைக் காற்று துடைத்துவிடும், வெயில் படும் சரிவுகள் கரைந்துவிடும். சறுக்கக்கூடிய பனி மிஞ்சுவது வடக்குப் பார்த்த நிழல் சரிவுகளிலும் குறுகிய பள்ளங்களிலும் மட்டுமே. சீனிப் படுகை சாகாமல் இருப்பதும் அங்கேதான். காற்று பனியைக் கொண்டுவந்து குவிப்பதும் அங்கேதான். பள்ளத்தில் சரிந்தால் ஒதுங்க இடமில்லை. போதாக்குறைக்கு, போர்வை மெலிதாக இருக்கும் இடத்தில் மேலிருப்பவரின் பாரம் அடிவரை எளிதில் இறங்குகிறது. பாறையை ஒட்டிய ஓரத்தில் மிதித்தால் முப்பது மீட்டர் தள்ளி ஆழமாக இருக்கும் பனியும் சேர்ந்து கிளம்பலாம். அடித்துச் செல்லப்படுகிறவர் பஞ்சுமெத்தையில் உருளுவதில்லை, மூடாத பாறைகளில் மோதிக்கொண்டு போகிறார்.

குல்மார்குக்கு இந்தப் பாடம் பலமுறை நடத்தப்பட்டிருக்கிறது. 2010 பிப்ரவரி 8ல் கிலன்மார்கில் பயிற்சியிலிருந்த ராணுவ வீரர்கள்மீது பனி சரிந்து, பதினைந்துக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். 2023 பிப்ரவரி 1ல் அஃபர்வட் சரிவில் போலந்துக்காரர்கள் இருவர் பலியானார்கள். வறண்ட ஜனவரிக்குப் பிறகு பனி கொட்டிய 2024ல், பிப்ரவரி 22ல் ஒரு ரஷ்யர் புதையுண்டு இறந்தார். அவருடன் சிக்கியவர்கள் மீட்கப்பட்டார்கள். பனிக்காக ஒத்திப்போட்டிருந்த கேலோ இந்தியா போட்டிகள் அதே வாரம்தான் அதே ஊரில் நடந்துகொண்டிருந்தன.

கோண்டோலாவுக்குக் கீழே உள்ள பிரதான சரிவு கண்காணிப்பில் இருக்கிறது. பெரும்பனி விழுந்தால் வெடிவைத்துச் செயற்கையாகச் சரித்துவிட்ட பிறகே திறக்கிறார்கள். அதன் எல்லைக்கோட்டைத் தாண்டினால் அவரவர் பொறுப்பு. பாதுகாப்புத்துறையின் டி.ஆர்.டி.ஓ. அமைப்பைச் சேர்ந்த பனி ஆய்வுப் பிரிவு குளிர்காலத்தில் பனிச்சரிவு எச்சரிக்கை தருகிறது. ஆனால் அது மாவட்டவாரியாக, இத்தனை மீட்டருக்கு மேல் என்று பொதுவாக வருவது. எந்தப் பள்ளம், எந்த ஓரம் என்று அது சொல்லாது.

அதைப் பார்க்க வேண்டியவர் வழிகாட்டி. அவர் கையில் இருப்பது மண்வெட்டி. சரிவின் ஓரத்தில் தரை தெரியும்வரை குழி வெட்டி, பனியின் அடுக்குகளை விரலால் குத்திப் பார்க்கிறார். 30 செ.மீ. சதுரத்தில் ஒரு தூணைத் தனியாக அறுத்தெடுத்து, அதன் தலையில் மண்வெட்டியை வைத்துத் தட்டுகிறார். மணிக்கட்டை அசைத்துப் பத்துத் தட்டு, முழங்கையிலிருந்து பத்து, தோளிலிருந்து பத்து. முதல் பத்துக்குள்ளேயே தூண் உடைந்து வழுக்கி வந்தால் அன்றைக்கு அந்தச் சரிவு வேண்டாம். சில சமயம் குழிகூடத் தேவையில்லை. நடக்கும்போதே காலடியில் 'தொம்' என்று ஓசை கேட்டுப் பனி லேசாக அமுங்கும். உள்ளே சீனிப் படுகை நொறுங்கிய சத்தம் அது.

குழுவினர் ஒவ்வொருவர் மார்பிலும் 457 கிலோஹெர்ட்ஸில் சமிக்ஞை அனுப்பும் டிரான்சீவர் கட்டப்பட்டிருக்க வேண்டும். பையில் மடிப்புக் கம்பி, மண்வெட்டி. புதைந்தவரைத் தேட, குத்திப் பார்க்க, தோண்ட. முதல் பத்துப் பதினைந்து நிமிடங்களுக்குள் எடுத்துவிட்டால் பத்தில் ஒன்பது பேர் பிழைப்பார்கள். 35 நிமிடம் ஆகிவிட்டால் பிழைப்பது மூன்று பேர். கீழிருந்து மீட்புக் குழு கிளம்பி வருவதற்குள் கணக்கு முடிந்துவிடும். உடன் வந்தவர்தான் காப்பாற்றியாக வேண்டும். அதனால்தான் ஆபத்தான இடத்தை ஒவ்வொருவராகக் கடக்கிறார்கள். ஒருவர் போக, மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

இவையெல்லாம் எல்லா வருடத்துக்கும் பொருந்தும் விதிகள்தான். மெலிந்த வருடத்தில் வேறுபடுவது மனிதர்கள். தூர தேசத்திலிருந்து வந்த பயணி பத்து நாள் விடுமுறையில் எட்டு நாளைப் பாறையைப் பார்த்தே கழித்திருப்பார். ஒன்பதாம் நாள் பனி விழுந்தால் பத்தாம் நாள் காலையில் கிளம்பத் துடிப்பார். வழிகாட்டிக்கோ டிசம்பரும் ஜனவரியும் வருமானமில்லாமல் போயிருக்கும். வாடகை பாக்கி, கடன் பாக்கி. நல்ல வருடத்தில் அஃபர்வட்டிலிருந்து காடுகள் வழியே பாபா ரேஷி, டங்மார்க் வரைகூடச் சறுக்கலாம். சாய்மானம் குறைந்த, மரங்கள் நிறைந்த பாதைகள் அவை. மேலே அபாயம் என்றால் காட்டுப் பக்கம் அழைத்துப்போய்ப் பயணியைத் திருப்திப்படுத்திவிடலாம். பனி குறைந்த வருடத்தில் முதலில் காணாமல் போவது தாழ்வான அந்தப் பாதைகள்தான். அடிமரங்களும் புதர்களும் தலைநீட்டிக்கொண்டிருக்கும். மிஞ்சுவது மேலே இருக்கும் செங்குத்துச் சரிவுகள் மட்டும். பத்திரமான வேலை இல்லாமல் போய், ஆபத்தான வேலை மட்டும் கையில் நிற்கிறது.

அந்தக் காலையில் வேண்டாம் என்று சொல்வது, குழுவைத் திருப்பி அழைத்து வருவது, சுலபமான காரியமல்ல. அன்றைய கூலியைப் பற்றிய பேச்சு வரும். பக்கத்துக் குழு போகிறதே என்ற கேள்வி வரும். நேற்று நான்கு பேர் அதே சரிவில் இறங்கினார்கள் என்ற ஆதாரமும் வரும். நான்கு பேர் இறங்கியது சரிவு உறுதியானது என்பதற்குச் சாட்சியல்ல, அவர்கள் மெலிந்த ஓரத்தை மிதிக்கவில்லை என்பதற்கு மட்டுமே சாட்சி. சீனிப் படுகை உருவாகிவிட்டால் வாரக்கணக்கில் இருக்கும். அதன்மேல் கனமாகப் பனி சேர்ந்து, இறுகி, அது மெல்ல ஒட்டும்வரை காத்திருப்பதைத் தவிர வழி இல்லை. சில வருடங்களில் அதற்குள் சீசனே முடிந்துவிடுகிறது.

பனி எவ்வளவு பெய்திருக்கிறது என்பதுதான் கேபிள் கார் வரிசையில் நிற்கும் பயணிகள் கேட்கும் முதல் கேள்வி. நல்ல வழிகாட்டி விசாரிப்பது அதையல்ல. எப்போது பெய்தது, எதன்மேல் பெய்தது என்று பார்த்துவிட்டுத்தான் அவர் பட்டையை எடுத்து ஒட்டுகிறார், அல்லது மடித்துப் பைக்குள் வைக்கிறார்.